தண்ணீர் நின்ற உயரம்

கேஎல் சென்ட்ரல் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். மஸ்ஜிட் ஜமேக்கில் கதவு திறந்ததும் அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே குதித்தேன்.

“என்னாப்பா, இன்னும் ரெண்டு ஸ்டேஷன் இருக்கு.”

“மணி எட்டரைதான் ஆவுது. நடந்தே போவோம் பாப்பா. ஆத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

பத்தரை மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஸ்ரீ மூடா வீட்டை விற்கும் ஒப்பந்தத்தில் அப்பா அன்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக நான் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியிருக்கிறேன். அறுபத்து நான்கு வயதில், முட்டி வலியோடு, அவர் அன்றைக்குப் போய் ஆற்றோரமாக நடக்க வேண்டும் என்றது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுத்துப் பேசி, அந்தச் சாக்கில் கையெழுத்தும் தள்ளிப்போய்விடுமோ என்ற பயம். சரி என்றேன்.

முந்தின நாள் மாலை மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்குத்தான் விட்டது. கார் டயர்கள் பாதி மறைந்த படங்கள் இரவு முழுக்க வாட்சப்பில் வந்துகொண்டே இருந்தன. காலையில் சாலை காய்ந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. நடைபாதை ஓரத்தில் மட்டும் மெல்லிய சேற்றுப்படலம், அதன்மேல் பூனையின் கால் தடம்.

ஆற்றோர நடைபாதையில் இரண்டு பங்களாதேஷ் தொழிலாளர்கள் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிக் கம்பிகளில் பிளாஸ்டிக் பைகளும் வாழைமட்டையும் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பும் மாட்டியிருந்தன. அவை மாட்டியிருந்த உயரத்தைப் பார்த்துத்தான் ஆறு எதுவரை ஏறியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா பாலத்தின் தூணில் வரைந்திருந்த நீர்மட்ட அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலக்கங்களை வாய்க்குள் படித்தார்.

இந்த இடத்தில்தான் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவில், முனையில், பள்ளிவாசல். ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து 1909-இல் கட்டி முடித்தது. செங்கல்லும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருக்கும் அதன் சுவர்களுக்குக் கீழே ஆறு தே தாரே நிறத்தில் ஓடியது. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்றுச் சங்கமம் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். 1857-இல் ஈயம் தேடி ஆற்று வழியாக வந்த சீனத் தொழிலாளர்கள், படகு அதற்கு மேல் போகாது என்ற நிலையில் இங்கே இறங்கி, அம்பாங் பக்கம் காட்டுக்குள் நடந்துபோனார்கள். ஆறு இல்லாவிட்டால் இந்த ஊர் இல்லை. சில வருடங்களுக்கு முன் கோடிக்கணக்கில் செலவு செய்து இந்தக் கரையைச் சீரமைத்தார்கள். இரவில் நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமும் உண்டு. சுற்றுப்பயணிகள் படம் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் நீல விளக்கில் தெரியாத ஒன்று அன்று காலை வெயிலில் தெரிந்தது. இந்த ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்த ஆறு. அன்று எங்கள் கூடத்தில் நின்ற தண்ணீரும் இதே நிறம்தான்.

“1971-ல இந்தப் பக்கம் எல்லாம் படகுலதான் போனாங்க,” என்றார் அப்பா.

அந்தக் கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று நடந்துகொண்டே கேட்டேன்.

தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் போடும் தற்காலிகத் தொழிலாளி. நிரந்தர ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தாத்தாவுக்குக் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் ஆற்றோரக் கம்பத்தில் பலகை வீடு. துத்தநாகக் கூரை, கால் ஊன்றிய தரை. 1971 ஜனவரியில் நாள்கணக்கில் மழை கொட்டியது. ராத்திரி கூண்டில் கோழிகள் கத்தியதால்தான் பாட்டி விழித்திருக்கிறார். காலைக் கீழே வைத்தால் தண்ணீர். தாத்தா முருகன் படத்தை எடுத்தார். பாட்டி தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயது அப்பாவிடம் ஒரு கோழி. மூவரும் ரயில் தண்டவாள மேட்டில் ஏறி உட்கார்ந்து விடியும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்தில் 32 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்.

“தண்ணி வடிஞ்சப்புறம் உங்க தாத்தா என்னா பண்ணாரு தெரியுமா?”

தெரியும். ஆனாலும் “என்னா பண்ணாரு?” என்றேன்.

“பலகைச் செவுத்துல தண்ணி நின்ன இடத்துல ஒரு ஆணி அடிச்சாரு. எதுக்குப்பான்னு கேட்டேன். அடுத்தவாட்டி வந்தா இதுதான் கணக்குன்னாரு. வீட்ட ஒடைக்கிறவரைக்கும் அந்த ஆணி இருந்துச்சு. உங்க பாட்டி அதுலதான் முறம் மாட்டுவாங்க.”

லெபோ பாசார் பெசார் பாலத்தைக் கடந்து, சென்ட்ரல் மார்க்கெட் பின்பக்கமாக நடந்தோம். 1888-இல் இறைச்சியும் மீனும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கிய இடம், இப்போது பத்தேக் சட்டையும் நினைவுப் பொருளும் விற்கிறது. ஆற்றின் இரு பக்கமும் சிமெண்ட் கரை நேர்க்கோடாகப் போகிறது. ஆறு இயல்பில் நேராக ஓடாது. 1926-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்த ஆற்றை வெட்டி நேராக்கினார்கள். வளைந்து வளைந்து போன தண்ணீர் சீக்கிரம் ஓடிப்போகட்டும் என்று. ஊருக்குள் நிற்காமல் போனால் போதும் என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை எல்லாத் திட்டங்களின் சாரமும்.

கரை மேல் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் நகரவில்லை.

“அந்தச் சுரங்கம் கட்டுனாங்களே, ஸ்மார்ட்டு. அது இருந்தும் எப்படி இவ்ளோ தண்ணி?” என்று கேட்டார் அப்பா.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2007-இல் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம். அம்பாங் ஆறு கிள்ளான் ஆற்றோடு சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மிகுதித் தண்ணீரைப் பிடித்து நகரத்துக்கு அடியில் கொண்டுபோகிறது. நடுப்பகுதியில் இரண்டு அடுக்காகக் கார் போகும் சாலை உண்டு. பெரிய வெள்ளம் என்றால் கார்களை வெளியேற்றிவிட்டு அதற்குள்ளும் தண்ணீரை விடுவார்கள். ஆனால் அது கிள்ளான் ஆற்றுத் தண்ணீரைத்தான் பிடிக்கும். கோம்பாக் ஆறு வேறு பக்கமிருந்து வருகிறது. பத்துமலைப் பக்கமிருந்து வரும் பத்து ஆறும் அதோடு சேர்ந்துதான் வருகிறது. அதுவும் இல்லாமல் ஆறு நிரம்பிவிட்டால் சாலையோரக் கால்வாய்த் தண்ணீருக்குப் போக இடமில்லை.

அப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டு வந்தார்.

“சுரங்கத்துல போற தண்ணி எங்க போவுது?”

“தாமான் டேசா பக்கம் ஒரு குளம். அங்கேருந்து கெராயோங் ஆறு.”

“கெராயோங்?”

“திரும்பக் கிள்ளான் ஆத்துலதான் சேருது.”

“கிள்ளான் ஆறு?”

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். பெட்டாலிங், பூச்சோங், பிறகு ஷா ஆலம், கிள்ளான் பட்டணம், கடல். ஷா ஆலத்தில் ஆற்றின் ஒரு வளைவுக்குப் பக்கத்தில், தாழ்வான நிலத்தில், ஸ்ரீ மூடா.

“அப்ப மேல இருக்கறவங்களக் காப்பாத்தியாச்சு. கீழ யாரு இருக்கா?” என்றார்.

இதை எழுதும்போது நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தால்தான் ஸ்ரீ மூடா மூழ்கியது என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் பெய்த மழை எல்லா இடத்திலும் பெய்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை சிலாங்கூரில் ஒரே நாளில் கொட்டியது. சுரங்கம் இல்லாவிட்டால் தலைநகரத்தின் கதி வேறாகியிருக்கும். அப்பாவும் பொறியியல் கேள்வி கேட்கவில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்தது, தெரியாத மாதிரி நடந்தேன்.

*

பாசார் செனிக்குப் பிறகு நடைபாதையை அடைத்திருந்தார்கள். சாலைக்கு ஏறி, பழைய ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்தோம். அப்பா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். ஓர் ஒட்டுக்கடையில் உட்காரவைத்து காப்பி ஓ வாங்கிக் கொடுத்தேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. மாலை நான்கு மணி வாக்கில் அப்பா போன் செய்தார். தண்ணீர் கேட்டுக்கு வந்துவிட்டது என்றார். “அம்மாவக் கூட்டிக்கிட்டு காரை எடுத்துக் கெளம்பிரவா பாப்பா?” என்று கேட்டார். நான் செத்தாப்பாக்கில் என் அடுக்குமாடி வீட்டின் பதினொன்றாவது மாடியில் இருந்தேன். “ரோடெல்லாம் தண்ணிப்பா. வெளிய வந்து நடுரோட்ல மாட்டிக்காதீங்க. எப்பவும்போல கணுக்காலோட நிக்கும். சாமான எல்லாம் நாற்காலி மேல வைங்க,” என்றேன். அவர் சரி என்றார். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைப்பவர் அவர்.

ராத்திரி எட்டு மணிக்குக் குளிர்பதனப் பெட்டி மிதந்தது. அதற்குள் அம்மாவின் இன்சுலின் இருந்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் போய்த் திறக்கப் பார்த்தார், அது கவிழ்ந்துவிட்டது. பத்து மணிக்குப் பிறகு போன் இல்லை. சனி இரவு, ஞாயிறு முழுக்க, ஞாயிறு இரவு. மாடியில், இருட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு இருவரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாக்சிக் சன்னல் வழியாகக் கம்பில் கட்டி ஒரு போத்தல் தண்ணீர் நீட்டினாராம். திங்கள் காலையில் யாரென்றே தெரியாத நான்கு மலாய் இளைஞர்கள் ஒரு படகில் வந்து மாடி சன்னல் வழியாக அம்மாவை இறக்கினார்கள். நான் பெடரல் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் கார் போகாமல் நின்று, அழுதுகொண்டு, தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. என்னோடு செத்தாப்பாக்கில் இருக்கிறார். மழை பெய்தால் பதினொன்றாவது மாடியிலும் எழுந்து தரையைத் தொட்டுப் பார்க்கிறார்.

நான் அப்பாவிடம் வீட்டை விற்கச் சொல்லிப் போராடியதெல்லாம் அவர்களின் பாதுகாப்புக்காகத்தான். அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். அந்த வீடு அங்கே இருக்கும்வரை அந்த நான்கு மணி போனும் இருக்கும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. “நீ சொல்லலன்னாலும் நான் இருந்துதான் இருப்பேன்,” என்று ஒருமுறை சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

காப்பியை ஆற்றிக்கொண்டே அப்பா கேட்டார்: “பெயிண்டர்கிட்ட ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாடியும் அடிக்கச் சொன்னியா?”

வயிற்றில் ஏதோ இறங்கியது.

வெள்ளம் வடிந்து, அரசாங்கம் கொடுத்த 1,000 ரிங்கிட்டை வாங்கி, மூன்று வாரம் சேற்றை அள்ளிப் போட்டபின் அப்பா ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். பக்கத்தில் 18.12.2021 என்று தேதி. தாத்தாவின் ஆணிக்குப் பதிலாக. வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட்டு அதைப் பார்த்துவிட்டு, “இத மொதல்ல அழிங்கக்கா. கீழ் செவுரு எல்லாம் ஒரு கோட்டிங் போட்டுருங்க. எல்லாரும் பண்றதுதான்,” என்றார். நான் பெயிண்டரை அனுப்பினேன். கதவுக்குப் பின்னால் அடிக்க மறக்க வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். வாங்க வந்த இளம் தம்பதிக்கு வீடு சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

“ஆமா” என்றேன்.

அப்பா தலையாட்டினார். “நல்லாத்தான் அடிச்சிருக்கான்,” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார்.

*

கோலாலம்பூர் முதலில் அத்தாப்புக் கூரையும் பலகையுமாக இருந்த ஊர். 1881-இல் ஒரே ஆண்டில் தீயும் வந்தது, வெள்ளமும் வந்தது. அதற்குப் பிறகுதான் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊரைத் தண்ணீரிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பாற்றிய செங்கல் இங்கிருந்து போனது. அந்தச் செங்கல் ஊருக்குப் பின்னால் ஆற்றோரத்தில்தான் என் தாத்தா பலகை வீட்டில் இருந்தார்.

அப்பா நேராக அலுவலகத்துக்குப் போகவில்லை. மோனோரயில் பாதைக்குக் கீழே ஆற்றுப் பக்கம் போய் நின்றார். கம்பம் இருந்த சுவடே இல்லை. சிமெண்ட் கரை, புல், அதற்கு அப்பால் சாலை. கம்பத்தை உடைத்தபோது நீண்ட வீட்டில் சில வருடம் தங்கவைத்தார்கள். பிறகு தொண்ணூறுகளில் ஈபிஎஃப் பணத்தை எடுத்து ஸ்ரீ மூடாவில் மாடி வீடு வாங்கினார். நகரத்தை ஒட்டி அவர் சம்பளத்துக்குக் கிடைத்த ஒரே கல்வீடு அதுதான். ஆற்றை விட்டு வெகுதூரம் போய்விட்டோம் என்றுதான் பாட்டி அன்று சொன்னாராம்.

“ஒரே ஆறு பாப்பா,” என்றார் அப்பா. “அம்பது வருசம் கழிச்சித் தேடி வந்துருக்கு. நாமதான் கீழ எறங்கிப் போயிருக்கோம், வேற ஒண்ணுமில்ல.”

மணி பத்தேகால் ஆகியிருந்தது.

வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்தத் தம்பதி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு முப்பது வயது இருக்கும், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். மனைவியின் மடியில் ஒரு வயதுக் குழந்தை. தாள்களை விரித்து எங்கெங்கே கையெழுத்து என்று குமாஸ்தா பெண் காட்டினார். அப்பா பேனாவை எடுத்தார், கீழே வைத்தார்.

“தம்பி, ஒரு விசயம். பெயிண்ட் அடிச்சி அழகா இருக்கு. ஆனா 2021-ல அந்த வீட்டுக்குள்ள என் தோள் வரைக்கும் தண்ணி நின்னுச்சு. கோடு போட்டு வச்சிருந்தேன். அதையும் அழிச்சிட்டாங்க. தெரியாம வாங்கிறாதீங்க.”

‘அழிச்சிட்டாங்க’ என்றார். யார் என்று சொல்லவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை ஆண்டுப் போராட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தது என்று நினைத்தேன். அதைவிட, அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாளே என்றுதான் பயமாக இருந்தது.

பையன் சிரித்தான். “தெரியும் அங்கிள். நாங்க ரெண்டு லோரோங் தள்ளித்தான் இருக்கோம். வாடகை வீடு.”

“அப்பவும் அங்கதான் இருந்தீங்களா?”

“ஆமா அங்கிள். எங்களுது தரை வீடு. கூரை மேல ஏறி உக்காந்திருந்தோம். இவ அப்ப ஆறு மாசம்.” கொஞ்சம் நிறுத்தினான். “அந்தப் பிள்ள தங்கல.”

யாரும் பேசவில்லை. குமாஸ்தா பெண் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். குழந்தை பேனா மூடியைப் பிடிக்க எட்டியது.

“அப்பறமும் ஏம்ப்பா அங்கயே வாங்குற?” என்று அப்பா கேட்டார். தன்னையே யாரோ கேட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

“வேற எங்க அங்கிள் இந்த வெலைக்குக் கெடைக்கும்? அதுவுமில்லாம…” அவன் மனைவியைப் பார்த்தான். “உங்க வீட்டுக்கு மாடி இருக்குல்ல.”

அப்பா வெகுநேரம் கழித்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது அந்தப் பெண் என்னிடம், “கோடு எங்க இருந்துச்சுக்கா?” என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மறு ஞாயிறு சாவி கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கலாம் என்று எல்லாரும் ஸ்ரீ மூடாவுக்குப் போனோம். அம்மா காரிலிருந்து இறங்கவில்லை. ஸ்டோர் ரூமில் விளக்கு இல்லாததால் நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். அப்பா அளவு நாடாவைத் தரையில் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தார். நாலடி ஐந்து அங்குலம். அவருக்கு அந்த அளவு மனப்பாடம். வெள்ளைப் பெயிண்டின் மேல் பென்சிலால் கோடு இழுத்தார். தேதி போடக் கை நடுங்கியதால் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன். பையன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.